செத்தவர் மேப் போட வேண்டும்

ஜாதவ்பூரில் காலேஜ் சேர்ந்த நான்கு மாதத்தில் நான் ஐந்து தடவை செத்தேன். ஒரு தடவை குழியில் விழுந்து, ஒரு தடவை எலி கடித்து, இரண்டு தடவை ஒரே கதவைத் திறந்து. ஐந்தாவது தடவை எதனால் செத்தேன் என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்து கொலைகளையும் செய்தவன் ஒரே ஆள். பெயர் ஷுபங்கர். எம்.ஏ. இரண்டாம் வருடம், தாடி, ஜோல்னாப் பை, எதைச் சொன்னாலும் “அது அப்படியில்லை” என்று ஆரம்பிக்கிற வாய்.

விளையாட்டில்தான் செத்தேன், பதற வேண்டாம். 2001ஆம் வருடம். சனிக்கிழமை மத்தியானங்களில் கேண்டீனுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் மேஜையில் நாலு பேர் உட்கார்ந்து ஆடுவோம். ஒருவர் ரெஃபரி. “நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே இருட்டு, என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், திருடன், மந்திரவாதி. செய்வதை வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி என்று ஒரு எண் உண்டு. அடி வாங்க வாங்க அது குறையும். இதற்கெல்லாம் விதி சொல்ல ஒரு புத்தகம். எண்பதுகளில் அமெரிக்காவில் அச்சடித்தது. ஷுபங்கரிடம் இருந்தது அதன் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்.

நிரந்தர ரெஃபரி அவன்தான். அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு விதியையும் அவனே சேர்த்திருந்தான்: செத்தவர் மேப் போட வேண்டும். மற்றவர்கள் குகைக்குள் போகப் போக, வழி எங்கே திரும்புகிறது, அறை எவ்வளவு பெரிசு என்று கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைகிற வேலை. ஐந்து தடவை செத்ததில் அந்த வேலை எனக்கே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை முழுக்க நான் பேசுகிற ஒரே வாக்கியம், “அந்த வழி எத்தனை அடி அகலம்?” என்பதுதான். “பத்தடி” என்பான் ஷுபங்கர், என் பக்கம் திரும்பாமலே.

விட்டுத் தொலைய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியவில்லை. என் அப்பா வெங்கடநாராயணன் பொதுத்துறை வங்கியில் ஆபீஸர். போபால், விசாகப்பட்டினம், நாக்பூர் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். ஒவ்வொரு ஊரிலும் பாஷை பிடிபட்டு, ஒருத்தியாவது வீட்டுக்கு வந்து போகிற அளவுக்கு சிநேகமாகும்போது லாரி வாசலில் வந்து நிற்கும். கல்கத்தாவுக்கு வந்து சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் சாமான் இறக்கியபோது எனக்குப் பதினெட்டு வயது. உலகத்தில் ஒரு சிநேகிதம் கிடையாது. இங்கே எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் ஜோக்கைப் புரிந்துகொண்டு சிரிப்பதற்குள் அவர்கள் அடுத்த ஜோக்குக்குப் போயிருப்பார்கள். அந்த மேஜை ஒன்றில்தான் எனக்கென்று ஒரு இடம் இருந்தது. அதற்கு ஏங்கினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டாவது அங்கே இருக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை நான் போய் உட்கார்ந்ததும் ஷுபங்கர் பென்சிலை என் பக்கம் உருட்டினான்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, ஷுபங்கர்தா,” என்றேன்.

“எப்படியும் சாகப்போறே, மாதவி. நேரம் மிச்சம்.”

இவர்கள் பேசுவது வங்காளமும் இங்கிலீஷும். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். பெயரோடு ஒட்டுகிற ‘தா’வுக்கு அண்ணா என்று அர்த்தம்.

என் வகுப்புப் பெண் பிரியங்கா சிரித்தாள். அவளாவது வங்காளி. பட்டாபியும் சிரித்தான். அவன் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழன். மூன்று தலைமுறையாக இந்த ஊர். தமிழை ஆற்றில் விட்டுவிட்டு மீனுக்குக் கூச்சப்படுகிறதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்த குடும்பம். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“அடுத்த ஆட்டத்துக்கு நான் ரெஃபரி,” என்றேன். “எங்க வீட்ல. நபமி அன்னிக்கு.”

நபமி என்றால் துர்கா பூஜையில் கடைசி நாளுக்கு முந்தின நாள். அன்றைக்கு ஒரு வங்காளியைப் பந்தலை விட்டுக் கிளப்பி வேறெங்காவது வரச் சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவனை எழுந்திருக்கச் சொல்வது மாதிரி. கோபத்தில் வாயில் வந்த தேதி அது. ஷுபங்கர் தாடியைச் சொறிந்தான்.

“சொதப்பினா?”

“ஜென்மத்துக்கும் மேப் போடறேன். சொதப்பலேன்னா ரெஃபரி இடம் எனக்கு.”

“சரி. அஞ்சு மணி வரைக்கும்தான். அப்புறம் பந்தல்.”

வாயைக் கொடுத்தாயிற்று.

வீட்டில் அனுமதி வாங்குவது அடுத்த குகை. அம்மா சுப்புலக்ஷ்மி எத்தனை ஊர் மாறினாலும் கும்பகோணத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போகிறவள். விளையாடுவதற்குப் பையன்கள் வருகிறார்கள் என்று அவளிடம் சொல்ல முடியாது.

“அம்மா, இருபத்தஞ்சாம் தேதி மூணு பேர் வரா. கம்பைண்ட் ஸ்டடி.”

“பசங்களா?”

“ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க. ஒருத்தர் சீனியர். அவர்தான் சொல்லிக் குடுப்பார்.”

“இருபத்தஞ்சா? நல்ல நாளாத்தான் பார்த்திருக்கே. வரட்டும், சுண்டல் கூடப் பண்ணிடறேன்.”

எதை நல்ல நாள் என்கிறாள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்குத் தலைக்குமேல் வேலை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பெரியம்மா பிள்ளை சிவராமகிருஷ்ணன் அந்தப் புத்தகத்தின் அசல் பிரதி ஒன்றையும் ஏழு பகடைகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அட்டையில் ஒரு டிராகனும், போதிய துணியில்லாத ஒரு ராணியும். பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ‘மெடீவல் லிட்டரேச்சர்’ என்று அழகாக எழுதினேன். நான் படித்தது இலக்கியம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு பாழடைந்த கோட்டையை நோட்டில் போட்டேன். முப்பத்துநாலு அறைகள். எந்த அறையில் என்ன பூதம், எந்தக் கல்லை மிதித்தால் எந்த ஈட்டி பாயும், எல்லாம். நோட்டைப் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். புத்தகம் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. சின்ன வயசிலிருந்து அப்படித்தான், எந்த ஊரிலும் முதல் மார்க், எந்த ஊரிலும் தனியாக டிபன் பாக்ஸ்.

நபமி அன்று காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேஜைமேல் புத்தகம் இல்லை. பகடைகளும் இல்லை.

கூடத்தில் மணை போட்டு, பட்டுத்துணி விரித்து, அதன்மேல் புத்தகங்களை அடுக்கியிருந்தது. அப்பாவின் பேங்க் மேனுவல், அம்மாவின் சமையல் நோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே என் பிரவுன் அட்டை. நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் ஏழு பகடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. இருபது முகம் உள்ளதற்கு எந்த முகத்தில் வைப்பது என்று தெரியாமல் அம்மா மூன்று வைத்திருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் சரஸ்வதி பூஜை என்றால் குளிர் காலத்தில், மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு. காலேஜில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நான்கு மாதத்தில் எனக்கும் காலண்டர் வங்காளமாக மாறியிருந்தது; நம் சரஸ்வதி நவராத்திரியில், அவர்களுடைய நபமி அன்றே வந்து உட்காருவாள் என்பது மறந்தே போய்விட்டது.

“அம்மா! என் புஸ்தகம்!”

“படிக்கற புஸ்தகத்தைத்தானே முதல்ல வெக்கணும்? நாளைக்கு விஜயதசமிக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கலாம். அதுவரைக்கும் தொடப்படாது.”

“அந்தக் கட்டையெல்லாம் எதுக்கும்மா?”

“முகத்துக்கு முகம் நம்பர் போட்டிருக்கே. படிக்கற சாமான்தானே? ஆயுத பூஜையும் ஆச்சு.”

“இன்னிக்கு அவா வராளே! எப்படிப் படிக்கறது?”

“சரஸ்வதி பூஜை அன்னிக்கு எவளாவது படிப்பாளோடி? பேசிண்டிருங்கோ, சாப்பிடுங்கோ. பேனா பென்சிலும் தொடப்படாது, இப்பவே சொல்லிட்டேன்.”

இது படிப்பில்லை, விளையாட்டு என்று சொல்லியிருந்தால் புத்தகம் திரும்பி வந்திருக்கும். பையன்கள் திரும்பிப் போயிருப்பார்கள். நான் போட்ட லேபிள் என் தலையிலேயே ஒட்டிக்கொண்டது. முப்பத்துநாலு அறைகளும் அம்பாள் காலடியில் கிடக்க, நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் அழுதேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். புதுச் சட்டை, புது ஜிப்பா. ஷுபங்கர் அம்மாவை “மாஷிமா”, அதாவது சித்தி, என்று கூப்பிட்டுக் காலைத் தொட்டான். அம்மா குளிர்ந்து போனாள். கடவுள் எனக்காகக் கொஞ்சம் இறங்கினார் போலிருக்கிறது: ஷுபங்கர் பையிலிருந்து தன் ஜெராக்ஸ் புத்தகத்தை எடுத்தான். நான் போன உயிர் வந்து நின்றேன். அடுத்த நொடி அம்மாவின் கை நீண்டது.

“குடுப்பா, அதையும் வெச்சுடறேன்,” என்றாள் போபாலில் கற்ற ஹிந்தியில். “இன்னிக்கு சரஸ்வதி பூஜை.”

“இன்னிக்கா?” என்றான் ஷுபங்கர்.

“எங்களுக்கு இன்னிக்குத்தான்.”

கார்ல் மார்க்ஸைக் கரைத்துக் குடித்தவன், கடவுளே கிடையாது என்று கேண்டீனில் மேஜையைத் தட்டுகிறவன், இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினான். சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் எந்த வங்காளியும் நாஸ்திகன் இல்லை. அம்மா அதற்கும் குங்குமம் வைத்தாள்.

சாப்பாடு முடிந்து என் அறையில் தரையில் உட்கார்ந்தோம். கதவு திறந்தேதான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.

“புஸ்தகம் இல்ல, பகடை இல்ல, பென்சில் இல்ல,” என்றான் ஷுபங்கர், ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு. “கிளம்பலாமா? பாலிகஞ்ச் பந்தலுக்கு இப்பப் போனா கூட்டம் இருக்காது.”

பிரியங்கா செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலைப் பார்த்தாள். போனால் போனதுதான், அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் பென்சில்.

“உட்காருங்க,” என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது. “அஞ்சு மணி வரைக்கும்னு சொல்லியிருக்கீங்க.”

அம்மா பேங்க் ஆபீஸர்கள் மனைவிமார் கிளப்பில் செயலாளர். கிளப்பில் நம்பர் கூப்பிட்டு ஆடுகிற ஹவுஸியின் பை எங்கள் அலமாரியில்தான் இருக்கும். அதிலிருந்து ஒன்று முதல் இருபது வரை வில்லைகளைப் பொறுக்கி ஒரு சொம்பில் போட்டேன். பகடை ஆயிற்று. உயிர்ப்புள்ளி எழுத வழியில்லை. சமையலறையிலிருந்து சுண்டலை எடுத்து வந்தேன். வீரனான பிரியங்காவுக்கு ஏழு கொண்டைக்கடலை, திருடனான பட்டாபிக்கு நாலு, மந்திரவாதியான ஷுபங்கருக்கு இரண்டு. மந்திரவாதிகள் எப்போதும் நோஞ்சான்கள்தான், அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை.

“அடி வாங்கினா கடலை எனக்கு,” என்றேன்.

இனி கோட்டை வேண்டும். என் கோட்டை கூடத்தில் மணைமேல் இருந்தது. முதல் அறையில் என்ன வைத்தேன் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. ஜன்னல் வழியே எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

“சால்ட் லேக்,” என்றேன். “இந்த ஊரே சதுப்பு நிலத்துல மணல் கொட்டி மேடாக்கினது. கொட்டினவங்க கீழே என்ன இருந்ததுன்னு பார்க்கவே இல்ல. நீங்க மூணு பேரும் அந்த வாட்டர் டேங்க் அடியில நிக்கறீங்க. தரையில ஒரு இரும்பு மூடி. கீழேயிருந்து யாரோ தட்டறாங்க.”

மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

“மூடியில காதை வெச்சுக் கேட்கறேன்,” என்றான் ஷுபங்கர். “ஆறுல ஒண்ணு விழுந்தாத்தான் கேட்கும். அது ரூல்.”

“காதை வெச்சா கேட்கும். உங்களுக்குக் காது இருக்கில்ல?”

“புஸ்தகத்துல அப்படியில்ல.”

“புஸ்தகம் சரஸ்வதிகிட்ட இருக்கு. போய்க் கேளுங்க.”

பட்டாபி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

மூடியைத் திறந்து இறங்கினார்கள். படி, அப்புறம் ஒரு நீண்ட வழி, தரையெல்லாம் சலவைக்கல். பொறி இருக்கிறதா என்று தேடுகிறேன் என்றாள் பிரியங்கா. ஷுபங்கராக இருந்தால் பகடையை உருட்டி, இருக்கு, இல்லை, அவ்வளவுதான். எனக்கு எந்த எண் வந்தால் என்ன என்று நினைவில்லை.

“எப்படித் தேடறே? கையால தடவறயா, குச்சியால தட்டறயா? சொல்லு.”

அவள் யோசித்தாள். நாலு மாதத்தில் அவள் அங்கே யோசித்து நான் பார்த்ததில்லை.

“என்கிட்ட தண்ணி இருக்கா?”

“இருக்கு.”

“தரையில கொட்டறேன். எந்தப் பக்கம் ஓடுது?”

நான் அசந்து போனேன். “முதல் நாலு கல்லுல தேங்கி நிக்குது. அஞ்சாவது கல் ஓரத்துல சட்டுனு உள்ள இறங்கிடுது.”

“அதுதான்! அதை மிதிக்காதே பட்டாபி!”

“நான் எங்கே மிதிச்சேன்? நான் சுவரோட ஒட்டிண்டு போறேன்,” என்றான் பட்டாபி, உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஒடுக்கிக்கொண்டு. அதன்பிறகு யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்டார்கள், அவர்கள் கேட்கக் கேட்க எனக்கு அடுத்தது வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மணலில் புதைந்த அரண்மனை, அதில் இன்னும் சம்பளம் வருமென்று காத்திருக்கிற எலும்புக்கூட்டுக் காவலன், அவனிடம் பேரம் பேசுகிற பட்டாபி. பேர சுவாரசியத்தில் அவன் தன் உயிரில் மூன்று கடலையைத் தானே எடுத்துத் தின்றுவிட்டான்.

“அரே! மாதவி, இது செல்லாது! மாமி, இன்னும் கொஞ்சம் சுண்டல்!” என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினான். “தாருண் ஆட்டம் மாமி!”

தாருண் என்றால் வங்காளத்தில் பிரமாதம். அம்மா கரண்டியோடு வந்து, படிக்காமல் ஒழுங்காகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று பார்த்துத் திருப்தியாகப் போனாள். தின்ற உயிர் திரும்பாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பட்டாபி மிச்சமிருந்த ஒற்றைக் கடலையைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

நாலரை மணிக்கு அவர்கள் ஒரு கயிற்றுப் பாலத்தில் நின்றார்கள். கீழே கறுப்புத் தண்ணீர். அதிலிருந்து ஏதோ ஒன்று ஈட்டியை எறிந்தது. சொம்பில் கைவிட்டேன். பத்தொன்பது. பாலத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்த மந்திரவாதிக்கு நெஞ்சிலே.

ஷுபங்கரின் தட்டிலிருந்து இரண்டு கடலையையும் எடுத்தேன். தின்ன மனம் வரவில்லை. நாலு மாதமாக இந்த நிமிஷத்துக்குத்தான் கனவு கண்டேன், ஐந்து தடவை என்னைக் கொன்றவனை ஒரு தடவையாவது கொல்ல. ஆனால் இவன் செத்தால் எழுந்து பந்தலுக்குப் போவான். இவன் போனால் பின்னாலேயே மற்ற இரண்டும் போகும்.

“சாகல,” என்றேன். “ஒத்தைக் கையால கயித்தைப் பிடிச்சுத் தொங்கறீங்க.”

“அது அப்படியில்லை. பூஜ்யம்னா சாவு.”

“தொங்கறீங்க.”

“நான் செத்துட்டேன், மாதவி! புஸ்தகத்துல இருக்கு!”

“உயிரோட இருங்கன்னா என்ன வலிக்குது உங்களுக்கு?” என்று பிரியங்கா கத்தினாள்.

அவனுக்கு வலித்தது. பூஜ்யத்துக்கு அப்புறமும் தொங்கலாம் என்றால் என்னை ஐந்து தடவை கொன்றது தப்பு என்றாகிவிடும். அவன் சரியாக இருக்க வேண்டுமானால் செத்தே ஆக வேண்டும். நானும் விடவில்லை.

“செத்தவர் மேப் போடணும், உங்க ரூல். இன்னிக்குப் பென்சில் தொடக்கூடாது, எங்கம்மா ரூல். அதனால இன்னிக்கு யாரும் சாக முடியாது.”

பட்டாபி கையைத் தட்டினான். ஷுபங்கருக்கு முகம் சிவந்துவிட்டது.

“நாளைக்குப் புஸ்தகம் வெளியே வருமில்ல? அதுவே சொல்லட்டும். பூஜ்யம்னா சாவுன்னு இருந்தா நீ சொதப்பிட்டே. ஜென்மத்துக்கும் மேப். சம்மதமா?”

“சம்மதம்,” என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்திருந்தேன். ஆனால் பூதங்களையும் மந்திரங்களையும் படித்த சுவாரசியத்தில் சாவைப் பற்றிய பக்கத்தைத் தாண்டியிருந்தேன். அதைத்தான் ஷுபங்கர் ஐந்து தடவை சொல்லிக் கொடுத்துவிட்டானே. வேறு ஏதாவது விதி இருக்கலாம், அடியில் சின்ன எழுத்தில் ஏதாவது சலுகை இருக்கலாம் என்று ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூவரும் மறுபடி வந்தார்கள். புத்தகத்தை வந்து எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் வாசித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அம்மா போட்ட உத்தரவு. எங்கோ தசமி மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா கற்பூரம் காட்டி, புத்தகங்களைச் சாஸ்திரத்துக்கு வடக்கே கொஞ்சம் நகர்த்திவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

“எல்லாரும் உரக்க வாசிக்கணும். மனசுக்குள்ள வாசிக்கப்படாது.”

பட்டாபி ஷுபங்கரின் ஜெராக்ஸைப் பிரித்து, விழுந்த பக்கத்தை இங்கிலீஷில் கணீரென்று வாசித்தான். ராட்சச எலி; ஒரு கூட்டத்தில் மூன்றிலிருந்து பதினெட்டு வரை; கடித்தால் வியாதி.

சோபாவில் பேப்பர் இறங்கியது. “இதுதான் உங்க சிலபஸா?” என்றார் அப்பா.

“மெடீவல், அங்கிள்,” என்றாள் பிரியங்கா, கண்ணை இமைக்காமல்.

“இன்ஜினியரிங் எடுன்னு தலைபாடா அடிச்சுண்டேன்,” என்று சொல்லி அப்பா பேப்பருக்குள் போய்விட்டார்.

என் முறை. சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த பிரவுன் அட்டையைப் பிரித்தேன். சண்டை பற்றிய அத்தியாயம், கடைசிப் பத்தி. புத்தகம் என் மடியில், எழுத்து எனக்கு மட்டும்தான் தெரியும். எதை வாசித்தாலும் அந்த நிமிஷத்துக்கு அதுதான் விதி. ஷுபங்கர் ஜோல்னாப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

வாயைத் திறந்தேன். பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லி இந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நெளிந்துகொண்டே உட்கார வேண்டும். லேபிள் ஒட்டிய ஒரு பொய்க்கே புத்தகம் ஒரு நாள் உள்ளே போய்விட்டு வந்தது.

இருந்ததை வாசித்தேன். உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் அந்த ஆள் இறந்தான். சின்ன எழுத்து எதுவும் இல்லை.

அம்மா “பேஷ்” என்று சொல்லிவிட்டுப் பாயசம் கொண்டுவரப் போனாள். மேஜை டிராயரைத் திறந்தேன். கட்டம் போட்ட தாளையும் பென்சிலையும் எடுத்து என் முன்னாலேயே வைத்துக்கொண்டேன். ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, யாரும் உருட்டிவிடுவதற்கு முன்னால்.

“நீங்கதான் ரைட், ஷுபங்கர்தா,” என்றேன். “செத்துட்டீங்க.”

“சொன்னேனில்ல?” என்றான். ஆனால் அது அவன் வழக்கமாகச் சொல்கிற மாதிரி வரவில்லை, குரல் இறங்கியிருந்தது. தாடியைச் சொறிந்தான். “சரி, அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன?”

“செத்தவனுக்கு அது எதுக்கு?” என்றான் பட்டாபி.

“எனக்கு ராத்திரி தூக்கமே வரல,” என்றாள் பிரியங்கா. “பந்தல்ல அம்மன் முகத்தைக்கூடச் சரியாப் பார்க்கல. அந்தப் பக்கம் என்ன, சொல்லு மாதவி.”

“அது புஸ்தகத்துல இருக்காது,” என்றேன்.

“தெரியும்,” என்றான் ஷுபங்கர்.

அவன் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் முன்னால் இருந்த தாளை இழுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். என் பென்சிலை எடுத்துக் கூர் இருக்கிறதா என்று கட்டைவிரலால் பார்த்தான். விஜயதசமி, எழுதலாம்.

“செத்தவர் மேப் போடணும்,” என்றான். “என்னோட ரூல்தானே. ஆரம்பி.”

பட்டாபி தன் சட்டைப் பையிலிருந்து நேற்றைய ஒற்றைக் கடலையை எடுத்துத் தட்டில் வைத்தான்; அது ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லாகியிருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்கும் தெரியாது.

“பாலம் முடியற இடத்துல ஒரு வழி,” என்றேன்.

“எத்தனை அடி அகலம்?” என்று கேட்டான் ஷுபங்கர், தாளிலிருந்து தலையைத் தூக்கி.

நான் அவன் பக்கம் திரும்பித்தான் சொன்னேன்.

“பத்தடி.”